ஆமைப் பெட்டியின் விளக்கு

சூட்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்று பன்னிரண்டு வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ஓசூருக்குப் பக்கத்துச் சர்க்கார் பண்ணையில், கோழிப் பகுதியில் எனக்கு வேலை. மாடுகளைப் பார்க்க ஐம்பது பேர் இருந்தார்கள். இன்குபேட்டர் பெட்டியைப் பார்க்க நான் ஒருவன்தான். மண்ணெண்ணெய் விளக்கில் சூடாகும் பெட்டி அது. இருபத்தொரு நாளும் சூடு ஏறாமல் இறங்காமல் நின்றால்தான் குஞ்சு பொரிக்கும். ஒரு பொழுது திரி கருகிவிட்டால் முந்நூறு முட்டையும் கூமுட்டை. முட்டையை எடுத்துக் கண்ணிமையில் வைத்துப் பார்த்தே, இது நூறு, இது நூற்றிரண்டு என்று சொல்லிவிடுவேன். தர்மாமீட்டர் எனக்குப் பின்னால்தான் அதைச் சொல்லும். மேஸ்திரி நாராயணப்பன் என்னிடம் பந்தயம் கட்டி இரண்டு முறை தோற்றிருக்கிறார். பண்ணையின் லைன் வீடுகளில் என் பெயர் ராமப்பன் அல்ல, டிகிரி ராமப்பன். அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். அவ்வளவு கர்வம்.

நான் சொல்ல வந்தது கோழிக் கதை இல்லை. ஓர் ஆமையின் கதை. முதுகு முழுக்க மஞ்சள் கோடு ஓடும் கட்டாமை. எங்கள் மகள் சரசு மூக்கண்டப்பள்ளிப் பக்கத்துக் கள்ளிப் புதரிலிருந்து அதைப் பாவாடையில் கட்டிக்கொண்டு வந்தாள். யாருக்காகவும் அவசரப்படாமல் நடக்கிறது, கழுத்தைத் திருப்பித் திருப்பி மேற்பார்வை பார்க்கிறது என்று அதற்குத் ‘தொரை’ என்று பெயர் வைத்ததும் அவள்தான். பக்கத்து வீட்டுக் கெம்பம்மா அதைப் பார்த்த அன்றே வாயில் கை வைத்தாள்.

“ஆமை பூந்த வீடும் அமீனா பூந்த வீடும் உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாங்க? ஏரியில கொண்டு விடு ராமப்பா.”

“அமீனா வந்தா ஜப்தி பண்ண என் வீட்டுல ரெண்டு கோழிக்கூடைதான் இருக்குது. ஆமையாவது இருக்கட்டுமே” என்று சொல்லிச் சிரித்தேன். அப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

சரசு அதற்கடுத்த மார்கழியில் செத்துப்போனாள். ஏழு வயது. எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அவளுக்குக் காய்ச்சல் வந்து மூன்றாம் நாள். காலையில் பல்லோடு பல் அடித்துக்கொள்கிற மாதிரி நடுங்கினாள். ஓசூர் மார்கழியை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒன்பது மணி வரைக்கும் எதிரே நிற்கிற மாடு தெரியாது. குழந்தை குளிரில்தான் நடுங்குகிறாள் என்று நினைத்தேன். பொரித்த குஞ்சு நடுங்கினால் என்ன செய்வேனோ அதையே செய்தேன். ஜன்னலைச் சாத்தி இடுக்கில் சாக்கை அடைத்தேன். கும்பட்டி அடுப்பில் கரியைக் கனிய வைத்துக் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். இரண்டு கம்பளியைப் போர்த்தினேன்.

என் பெண்டாட்டி மாரம்மா குழந்தையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு கம்பளிக்குள் கையை விட்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

“வேணாம்யா. உள்ள கொதிக்குது. கரிய வெளிய எடு. ஈரத்துணி போடலாம்.”

“சூட்டப் பத்தி எனக்கு நீ சொல்லித் தர்றியா?” என்று கேட்டேன்.

அவள் மறுபடியும் ‘வேணாம்’ என்றாள். நான் கத்தினேன். நான் கத்தினால் லைனில் பத்து வீட்டுக்குக் கேட்கும். அவள் வாயை மூடிக்கொண்டாள். மதியம் ஜன்னி கண்டது. பண்ணை வண்டியில் போட்டு ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கம்பளியை விலக்கினார். “காய்ச்சக்காரக் குழந்தைய இப்படியா வேக வைப்பாங்க?” என்று கேட்டார். அதற்குமேல் அவர் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

காய்ச்சல்தான் கொண்டுபோனது, உன் மேல் தப்பு இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. கெம்பம்மா ஆமையைச் சொன்னாள். மாரம்மா மட்டும் யாரையும் எதையும் சொல்லவில்லை. என்னைத் திட்டியிருந்தால் தேவலை. விறகுக் கட்டையை எடுத்து இரண்டு போட்டிருந்தால் இன்னும் தேவலை. அவள் என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள்.

முழுக்க விட்டுவிட்டாள் என்றும் சொல்ல முடியாது. ‘சோறு ஆச்சு’, ‘சீமெண்ணெ தீந்துபோச்சு’, ‘மேஸ்திரி கூப்புடறாரு’. ஒரு நாளைக்கு நாலைந்து வார்த்தை. பேச்செல்லாம் தொரையோடுதான். காலையில் அதை வெயிலில் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரையை உருவிப் போட்டுக்கொண்டே பேசுவாள். என்ன பேசுவாள் என்று சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன். வெட்கக்கேடுதான். குழம்பில் புளி கூடிப்போனதைச் சொல்வாள். கெம்பம்மா வீட்டுச் சண்டையைச் சொல்வாள். சரசு இருந்தால் இந்த வருஷம் மூணாம் கிளாஸ் போயிருப்பாள் என்று சொல்வாள். இதையெல்லாம் என்னிடம் சொல்ல மாட்டாளா என்று அங்கேயே நிற்பேன். ஓர் ஆமையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஆண்பிள்ளை இந்தத் தாலுக்காவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பதினோரு மாதம் இப்படியே ஓடியது.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. கொல்லையில் ஓடு உடைந்து ஒழுகியதில் தொரை ஒரு நாள் முழுக்க ஈரத்தில் கிடந்திருக்கிறது. கார்த்திகை பிறந்தபோது அதன் மூக்கில் குமிழ் குமிழாய் நீர் கட்டியது. மூச்சு விட்டால் விசில் மாதிரிச் சத்தம். கீரையைத் தொடவில்லை. மாரம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்தே இருந்தாள். மூன்றாம் நாள் நான் வேலை முடிந்து வந்து கை கால் கழுவும்போது என் பின்னால் வந்து நின்றாள்.

“அதுக்குச் சூடு வேணும். அடுப்பு அணைஞ்சா சில்லுன்னு ஆயிடுது. உனக்குத்தான் தெரியும். எதாச்சும் பண்ணு.”

கையில் இருந்த சொம்பை அப்படியே வைத்துவிட்டேன். பதினோரு மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது. அதுவும் எதைக் கேட்கிறாள்? சூட்டைக் கேட்கிறாள். அவள் தெரிந்துதான் கேட்டாள் என்று இப்போதும் நினைக்கிறேன். ஒருமுறை என் கையில் கொடுத்ததைப் பறிகொடுத்தவள், மிச்சம் இருந்ததையும் என் கையில் கொடுத்துப் பார்த்தாள். இதைப் பிழைக்க வைத்துவிட்டால் அவள் என்னோடு பேசுவாள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மறுநாள் தொரையைக் கூடையில் வைத்து நாராயணப்பனிடம் காட்டினேன். அவர் கோலார்ப் பக்கம். கோழி, வான்கோழி, முயல் எல்லாம் பார்த்தவர். அவர் அதன் மூக்கைத் துடைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏனப்பா, இதுக்குச் சளி. காட்டுல இருந்தா அதுவே வெயிலத் தேடிப் போயிடும். பெட்டியில வெச்சுட்டா நீதான் அதுக்கு வெயில். மூக்கு காயற வரைக்கும் விடாம சூடு குடு.”

எந்தச் சூட்டை வைப்பது என்று மூன்று நாள் யோசித்தேன். ஊரில் ஆளுக்கொரு யோசனை. கரி வைத்துக் கும்பட்டியில் காட்டு, ஒரே நாளில் எழுந்து நடக்கும் என்றாள் கெம்பம்மா. அவள் மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனாலும் நான் எழுந்து வந்துவிட்டேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். கரி வாசனை வந்தாலே நான் வேறு தெருவில் போகிறவனாக ஆகியிருந்தேன். எங்கள் கும்பட்டியைக் கருமாதி முடிந்த அன்றே பாழுங்கிணற்றில் போட்டுவிட்டேன்.

செங்கல்லைச் சுட்டுச் சாக்கில் சுற்றி வைத்துப் பார்த்தேன். எடுத்தபோது கை பொறுக்காது, ஒரு மணி நேரத்தில் கல் மாதிரி ஆகிவிடும். கல்தானே, வேறென்ன ஆகும். எருக்குழியைக் கிளறினால் உள்ளே ஆவி பறக்கும் அளவுக்குச் சூடு இருக்கும். பண்ணையில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஆனால் சளி பிடித்த பிராணியைச் சாணி நெடியில் வைப்பதா? உமி அடுப்பு புகையும். பங்களாவிலும் ஆபீசிலும்தான் கரண்டு இருந்தது. அங்கே ஒரு பல்பு கேட்டால், ஆமைக்கா என்று பெங்களூர் வரைக்கும் சிரிப்பார்கள்.

கடைசியில் எனக்குத் தெரிந்த வழிக்கே வந்தேன். குஞ்சுகளுக்கு வைக்கிற மாதிரி அரிக்கேன் விளக்கு. தேயிலை வந்த பலகைப் பெட்டி ஒன்றை வாங்கி அடியில் மணல் பரப்பினேன். நடுவில் கம்பி வலை தடுத்து ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் தொரை. விளக்கின் மேல் பழைய தகர டின்னை வெட்டிக் கூரை போட்டேன். சூடு தகரத்தில் பட்டுக் கீழே இறங்கும், புகை ஓட்டை வழியாக வெளியே போகும். தீ ஒட்டாது, அனல் அடிக்காது. பண்ணையிலிருந்து ஒரு தர்மாமீட்டரைக் கேட்டு வாங்கி வந்து தொரை பக்கம் தொங்கவிட்டேன். தொண்ணூற்றைந்து டிகிரி. பெட்டியின் வெளிப்பக்கம் சாக்கட்டியால் 95 என்று எழுதினேன். பண்ணையில் அப்படித்தான் எழுதுவோம்.

“திரியில கைய வெக்காத. டிகிரி எல்லாம் நான் பாத்துக்கறேன்” என்று மாரம்மாவிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

நாலாம் நாள் தொரை கண்ணைத் திறந்தது. ஆறாம் நாள் மூக்கில் குமிழ் குறைந்தது. எட்டாம் நாள் மாரம்மா சப்பாத்திக்கள்ளிப் பழத்தை முள் நீக்கி வெட்டிப் போட்டாள். அது நின்று நிதானமாய் மோந்து பார்த்து ஒரு வாய் கடித்தது. வாயெல்லாம் சிவப்பு.

“வெத்தல போட்ட தொரையப் பாரு” என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டுப் பயத்தோடு அவளைப் பார்த்தேன். அவள் சிரித்தாள். சத்தமில்லாத சின்னச் சிரிப்புதான், ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் களியும் கொள்ளுச் சாறும் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். முன்னெல்லாம் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

“சரசு இந்தப் பழம் தின்னுட்டு வாயி ஒட்டிக்கிச்சுன்னு அழுதாளே, நெனப்பு இருக்குதா?” என்று கேட்டாள்.

“இருக்குது” என்றேன். சரசு போன பிறகு அவளைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசியது அன்றுதான். அன்றைக்கு நான் ராஜா. பெங்களூர்த் தொழிற்சாலையில் சேர்த்துவிடுகிறேன், மாசச் சம்பளம், சைரன் சத்தம் கேட்டு வேலை என்று ஆசை காட்டிக்கொண்டிருந்த என் மச்சான் அன்று வந்திருந்தால், போய்யா, எனக்கென்ன குறை என்று சொல்லியிருப்பேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். விளக்கை அப்படியே விட்டிருக்கலாம். விட்டேனா?

கோழிக்குஞ்சுக்கு ஒரு முறை உண்டு. முதல் வாரம் தொண்ணூற்றைந்து. அப்புறம் வாரம் ஐந்து டிகிரி குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் குஞ்சு சூட்டுக்குப் பழகிக் கெட்டுப்போகும், வெளியே விட்டதும் சாகும். பன்னிரண்டு வருஷம் அப்படியே செய்த கை. இரண்டாம் வாரம் பிறந்ததும் திரியை இறக்கினேன். சாக்கட்டியால் 95-க்குக் கீழே 90 என்று எழுதினேன். அதற்கடுத்த வாரம் 85.

முறைக்காக மட்டும் இறக்கவில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்குப் பயம். விடிகாலையில் வேலைக்குக் கிளம்பும்போது அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். தகரத்தின் மேல் உள்ளங்கையை வைப்பேன். சுடும். உள்ளே ஒரு பிராணி, மூடிய பெட்டி, எரிகிற விளக்கு. குஞ்சாக இருந்தால் சூடு தாங்காவிட்டால் கத்தும், விலகி ஓடும், இறக்கையைப் பரத்தும். சத்தத்தை வைத்தே சூட்டைச் சொல்லலாம். இது கத்தாது. வெந்தாலும் கத்தாது. அன்று கம்பளிக்குள் சரசுவும் கடைசியில் கத்தவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதை நினைத்ததும் கை தானாகத் திரியை இன்னும் கொஞ்சம் இறக்கும். இறக்கிவிட்டு, முறைப்படிதான் செய்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போவேன்.

மார்கழி பிறந்தது. பனி இறங்கியது. பகலில்கூட வெயில் என்று பெயருக்கு ஒரு வெளிச்சம்தான். தொரை பழத்தைத் தின்பதை நிறுத்தியது. மாரம்மா பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

“சூடு பத்தல. திரிய ஏத்து.”

“ஏத்திட்டேன்” என்றேன். அவள் கண் முன்னால் ஏற்றவும் செய்தேன். அவள் அடுப்படிக்குப் போனதும் பழையபடி இறக்கிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்து நின்றாள். “காலு சில்லுன்னு இருக்குது. மூக்குல திரும்ப நீர் கட்டுது. முன்ன மாதிரியே வையேன்யா. அப்ப நல்லாத்தான இருந்துது?”

“வாரத்துக்கு அஞ்சு கொறைக்கணும். அப்பதான் தாங்கும். உனக்குத் தெரியாது.”

“எனக்குக் கை இருக்குதே. தொட்டா தெரியலையா?”

“சூட்டப் பத்தி எனக்கு நீ சொல்லித் தர்றியா?”

வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. அதே வார்த்தை, அதே குரல். பெட்டிக்குள் இருந்த கையை அவள் மெல்ல வெளியே எடுத்துக்கொண்டாள். என் நாக்கை அறுத்துப் போட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

சரசுவின் வருஷத் திதிக்கு மாரம்மா வாழையிலையில் அவளுக்குப் பிடித்த ஒப்பட்டும் பொரிகடலையும் வைத்துக் கும்பிட்டாள். நான் பண்ணையிலிருந்து வரும்போது வீடு இருட்டாக இருந்தது. பெட்டியின் தகரம் மட்டும் செக்கச்செவேல் என்று தெரிந்தது. என் பேச்சைத் தட்டி மாரம்மா தானே திரியை ஏற்றியிருக்கிறாள். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எனக்குக் கட்டிலும் கரியும் போன வருஷமும் எல்லாம் ஒன்றாக வந்து மோதியது. பாய்ந்துபோய் விளக்கையே அணைத்துவிட்டேன். கையைச் சுட்டுக்கொண்டேன். அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதாவது அவளிடம், எனக்குப் பயமாக இருக்கிறது மாரம்மா என்று சொல்லியிருக்கலாம். நாலே வார்த்தை. சொல்லியிருந்தால் அவள் விளக்கை வாங்கிக்கொண்டிருப்பாள். என் மானம் குறுக்கே நின்றது.

“தீப்புடிச்சிருக்கும்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஏற்றி வைத்தேன். திரியை மிளகளவு விட்டேன். கீழே 70 என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு எட்டு நாள் தொரை அசையவில்லை. குளிர் மாதத்தில் ஆமை தூங்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன். கெம்பம்மாவிடமும் சொன்னேன். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாணென்ன முழமென்ன என்று அவள் முணுமுணுத்தாள். மாரம்மா அதை எடுத்துக் கொஞ்சநஞ்ச வெயிலில் வைப்பதும், சேலைத் தலைப்பில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொள்வதுமாக இருந்தாள். அதனோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள்.

தை நாலாம் தேதி. பொங்கல் விடுமுறை முடிந்து வேலைக்குப் போன முதல் நாள். மதியச் சோற்றுக்கு வந்தேன். மாரம்மா கொல்லையில் தொரையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதன் நாலு காலும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. ஆமை உயிரோடு இருக்கும்போது அப்படிக் காலைத் தொங்கவிடாது. கண் உள்ளே போயிருந்தது.

“மேஸ்திரியக் கூப்புடு” என்றாள்.

நாராயணப்பன் வந்தார். தொட்டுப் பார்த்தார், மூக்கருகே கோழி இறகு ஒன்றைப் பிடித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு பெட்டியைப் பார்க்கப் போனார். நல்ல மனுஷன், கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. பெட்டியின் பலகையில் சாக்கட்டி எழுத்தைக் கண்டதும் குனிந்து பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டுப் படித்தார்.

“தொண்ணூத்தஞ்சு. தொண்ணூறு. எம்பத்தஞ்சு. எம்பது. எழுவத்தஞ்சு. எழுவது.” என்னைத் திரும்பிப் பார்த்தார். “இதென்னப்பா, குஞ்சுக் கணக்கு போட்டிருக்க? குஞ்சுக்கு வாராவாரம் எறகு மொளைக்கும், அதனால கொறைக்கறோம். ஆமைக்கு என்ன மொளைக்குது?”

பன்னிரண்டு வருஷமாக வாரம் ஐந்து குறைத்தவன், ஏன் குறைக்கிறோம் என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு மாரம்மாவைப் பார்த்துவிட்டு, தப்பான இடத்தில் தப்பாகப் பேசிவிட்டோம் என்று புரிந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மாரம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பெட்டியில் வாரவாரம் நான் ஏதோ எழுதுவதைப் பார்த்திருக்கிறாள். சூட்டைச் சரியாக வைப்பதற்காக எழுதுகிறேன் என்று நம்பியிருக்கிறாள். அவள் எழுந்து வந்து பலகையின் முன்னால் நின்று மேலேயிருந்து கீழே வரைக்கும் ஒவ்வொன்றாய் விரலை வைத்துக்கொண்டே வந்தாள்.

“நான் ஏத்தச் சொன்ன அன்னைக்கு எது?” என்று கேட்டாள்.

எழுபத்தைந்தைக் காட்டினேன். பொய் சொல்ல அதற்குமேல் தெம்பு இல்லை.

“ஏத்திட்டேன்னியே?”

“நீ அந்தாண்ட போனதும் எறக்கிட்டேன்.”

“ஏன்?”

“பயமா இருந்துது, புள்ள. அதிகமாயிடுமோன்னு. அன்னைக்கு அதிகமாயிட்ட மாதிரி.” சொல்ல வேண்டிய நாளில் சொல்லாததை அப்போது சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். “அன்னைக்கு அதிகமா வெச்சுட்டேன்னுதான் இன்னைக்குக் கம்மியா வெச்சேன்.”

இதைச் சொன்னால் அவளுக்கு என் மேல் இரக்கம் வரும் என்று நினைத்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். இல்லை. களைப்புதான் இருந்தது.

“அதிகமும் இல்ல, கம்மியும் இல்லய்யா. அன்னைக்கு வேணாம்னேன். இன்னைக்கு வேணும்னேன். நீ என்னைக்கு என் பேச்சக் கேட்ட?”

ஒரு வருஷமாக நான் கரியையும் கம்பளியையும் நினைத்து நினைத்து வெந்துகொண்டிருந்தேன். அவள் நினைத்துக்கொண்டிருந்தது அதை இல்லை. குழந்தையின் வயிற்றைத் தொட்ட கையை வைத்துக்கொண்டு, தெரிந்தும் சொல்லியும், கேட்க ஆளில்லாமல் நின்றாளே, அதை நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் தொரையைத் தன் பழைய சேலைத் துணியில் சுற்றினாள். கொல்லை மூலையில் முருங்கை மரத்தடியைப் பார்த்தாள். மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்தாள். அந்த இடம் பூராவும் சுக்கான்கல், நான் இரண்டு முறை குழி போடப் பார்த்து விட்டுவிட்ட இடம். அவளுக்கு அது ஆகிற வேலை இல்லை. எழுந்து போய்க் கடப்பாரைக்குக் கையை நீட்டினேன்.

“வேணாம்” என்றாள்.

கையை எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவள் ஒவ்வொரு குத்துக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு அந்தக் கல்லுத் தரையைப் பொழுது சாயும் வரைக்கும் தோண்டினாள். கையில் கொப்புளம் வந்து உடைந்ததும் தலைப்பைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு மறுபடியும் தோண்டினாள். நான் எழுந்திருக்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் சொன்ன ‘வேணாம்’ ஒன்றை நான் கேட்டது அன்றுதான். அதனால் அவளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.